இடது கையில் வாங்கிய திருநீறு

ஆடிட் நாளன்று காலையில் எனக்கு அப்படி ஒரு குஷி! ராயபுரத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பியபோதே வாய் தானாகப் பாட்டு முணுமுணுத்தது. கடலை ஒட்டிய எண்ணூர் சாலையில் ட்ரெய்லர் லாரிகள் வழக்கம்போல ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. மற்ற நாளாக இருந்தால் ஹாரனில் வைத்த கையை எடுத்திருக்க மாட்டேன். அன்றைக்கு எதிரே வந்த ஒவ்வொரு டிரைவருக்கும் வழிவிட்டேன். ஒருவர் பயந்துபோய், "இன்னா மேடம், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றே கேட்டுவிட்டார்.

திருவொற்றியூர் தாண்டி இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சேஃப்டி ஆபீசர். கப்பலில் வந்த பெட்டிகளும் கப்பலேறப் போகும் பெட்டிகளும் அடுக்கடுக்காக நிற்கிற பெரிய மைதானம் அது. அங்கே யாரும் நசுங்காமல், விழாமல், கை கால் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் கத்துவது என் வேலை. "ஹெல்மெட் எங்கே?", "பெட்டிக்கு அடியில் நிற்காதே!", "அந்த போனை உள்ளே வை!" பாலிடெக்னிக்கில் படித்ததில் பாதி மறந்துபோயிற்று. தொண்டை மட்டும் நன்றாகப் பழகிவிட்டது.

அன்று வரப்போவது ஒரு பெரிய கப்பல் கம்பெனியின் ஆடிட்டர். அந்தக் கம்பெனியின் பெட்டிகள் எங்கள் யார்டுக்கு வருமா வராதா என்பது அவர் கையில் இருந்தது. என் பணி நிரந்தரமும் அதோடு கட்டி வைக்கப்பட்டிருந்தது. நான் அதுவரை ஒப்பந்தத்தில்தான் இருந்தேன். எங்கள் மேனேஜர், "ஆடிட் நல்லபடியா முடியட்டும்மா, உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுக் கையில குடுக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். இதை வீட்டில் சொன்னது தப்பாகப் போயிற்று. அம்மா அன்று மாலையே கோவிலுக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றிப் பூசை எழுதி வைத்துவிட்டாள். "இன்னும் வேலையே கிடைக்கலம்மா!" என்று நான் குதித்தேன். "கெடைக்காம எங்கடி பூடும்? ஃபாதரு மைக்குல உன் பேர படிப்பாரு. தெருவுல எல்லாரும் வருவாங்க. அந்த நீலப் பொடவய கட்டிக்க" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது கேட்டில் இருக்கும் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை நிறப் பலகை, மேலே வெள்ளை எழுத்தில் 'விபத்து இல்லாத நாட்கள்'. கீழே மூன்று கொக்கிகள், அவற்றில் எண்கள் எழுதிய தகடுகள். தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு தகட்டை எடுத்து அடுத்ததை மாட்டுவேன். ஐந்நூறைத் தொட்டால் யார்டு முழுக்க மட்டன் பிரியாணி, வீட்டுக்கு ஒரு மிக்ஸி என்று மேனேஜர் அறிவித்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஐந்நூறு பக்கத்தில் வந்தே விட்டது! நான் ஸ்டூலில் ஏறும்போதெல்லாம் ஆட்கள் கீழே நின்று கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. கேட் பக்கத்தில் குட்டியாக ஒரு பிள்ளையார் இருக்கிறார். வெள்ளிதோறும் செக்யூரிட்டி அண்ணன் குளித்துவிட்டு வந்து கற்பூரம் காட்டி, திருநீறும் சுண்டலும் கொடுப்பார். நான் வேதக்காரி. திருநீறு வாங்க மாட்டேன், சுண்டலுக்கு மட்டும் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். பிள்ளையார் கோபித்துக்கொண்டதில்லை.

வரிசையில் எனக்குப் பின்னால் கதவு திறக்கிற அண்ணன் நின்றார். கஸ்டம்ஸ் சோதனைக்காகப் பெட்டிகளின் கதவைத் திறந்து மூடுகிறவர். காத்திவாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், வாய் ஓயாத மனிதர். அவர் கையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வலது கையில் க்ளவுஸ்! எத்தனை மாதமாக இவரிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! "க்ளவுஸு போட்டா பீடி புடிக்க வராது மேடம்" என்று ஒவ்வொரு முறையும் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். ஆடிட் அன்றைக்காவது மனிதர் திருந்திவிட்டாரே என்று நினைத்து, "சூப்பர்ண்ணா!" என்று உரக்கவே சொன்னேன். அவர் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

செக்யூரிட்டி அண்ணன் திருநீற்றுத் தட்டோடு வந்தார். கதவு திறக்கிற அண்ணன் இடது கையை நீட்டினார்.

செக்யூரிட்டி அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். எனக்கும் வாயில் போட்ட சுண்டல் இறங்கவில்லை. திருநீற்றை இடது கையில் யாராவது வாங்குவார்களா? டீ கிளாஸைக்கூட இடது கையில் வாங்கினால் எங்கள் பக்கம் திட்டு விழும். வேதக்காரி எனக்கே தெரிந்த விஷயம் அது. ஐந்து வருடம் சபரிமலைக்கு மாலை போட்ட மனிதருக்குத் தெரியாதா?

"இன்னாண்ணா, ரைட்டு கைக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணியும் இல்ல மேடம். க்ளவுஸு போட்டுகினுகீறேன். நீதான போட சொன்ன."

"துன்னூறு வாங்க எதுக்குண்ணா க்ளவுஸு? கழட்டு."

"அப்பால கழட்டறேன் மேடம். டூட்டி டைமாச்சு."

அவர் நகரப் பார்த்தார். நான் விடவில்லை. சுண்டலைக் கீழே வைத்துவிட்டு க்ளவுஸின் நுனியைத் தொட்டேன், அவ்வளவுதான். "யம்மாடி!" என்று அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்ற ஒருவரும் "என்ன ஆயிற்று" என்று கேட்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வந்ததே கோபம்!

மெல்ல மெல்லக் கழற்றினோம். நடுவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தது. மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, பழைய வேட்டித் துணியால் சுற்றியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெட்டியின் கதவைத் திறந்தபோது உள்ளே சரிந்திருந்த மூட்டைகளின் கனம் கதவைத் தள்ளியிருக்கிறது. பூட்டுத் தண்டின் கைப்பிடி சட்டென்று திரும்பி விரலை நசுக்கிவிட்டது. அவருடைய கோஷ்டி அவரைச் சுற்றி நின்று மறைத்து, தண்ணீர் கொடுத்து, நான் கிளம்பும்வரை ஒரு பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறது.

"ஏண்ணா சொல்லல? ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"யம்மா, கத்தாத. உன் கால்ல உயுறேன்" என்று கையெடுத்துக் கும்பிட வந்தார், அந்த ஒரு கையால். "மிக்ஸி வரப்போவுதுன்னு வூட்ல இருந்த பழசத் தூக்கி என் தங்கச்சிக்கு குத்துட்டா என் பொண்டாட்டி. நான் ஒருத்தன் போர்டு நம்பர காலி பண்ணா, இவங்க வூட்டு மிக்ஸியும் போச்சில்ல? எப்டி இவங்க மூஞ்சில முயிப்பேன்?"

நான் வேறு எதுவும் யோசிக்கவில்லை. வாசலில் கம்பெனிக் கார் நின்றது. ஆடிட்டரை ஏர்போர்ட்டில் இருந்து அழைத்து வருவதற்காகக் கழுவித் துடைத்து, முன்னால் ரோஜா வைத்து, உள்ளே சென்ட் அடித்து வைத்திருந்தார்கள். டிரைவரைக் கூப்பிட்டு, "இவர இஸ்துகினு போய் எலும்பு ஆஸ்பத்திரில சேரு. ஜல்தி!" என்றேன். டிரைவர் ஏர்போர்ட் என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கார் தண்டையார்பேட்டைப் பக்கம் பறந்தது.

அது திரும்புவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். புதுச் சட்டை, கழுத்தில் டை, நெற்றி முழுக்க வியர்வை. அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். லாரி எண்ணுகிற வேலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். கார் எங்கே என்று கேட்டார், சொன்னேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனிதர், முதலில் கேட்டது "விரல் நிக்குமாம்மா?" என்றுதான். ஏர்போர்ட்டில் இறங்கும் ஆடிட்டரை டாக்ஸி பிடித்து வரும்படி போன் போட்டுச் சொன்னார். ஒரு மணி நேரம் யார்டைச் சுற்றி வந்து எல்லாம் தயாரா என்று பார்த்துவிட்டு, என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"மனுஷன ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு. செலவு நாம பாத்துக்கிறோம். செய்ய வேண்டியத செஞ்சாச்சு, சரியா? போர்ட நாளைக்கு மாத்திக்க. இன்னிக்கு ஒரு நாள்தாம்மா கேக்கிறேன்."

"சார், நேத்தே நடந்துபோச்சு. அந்த நம்பர் பொய் சார்."

"பொய்யோ நிஜமோ, நாளைக்குச் சொல்லிக்கலாம். உன் ஆர்டர் என் டிராயர்ல கெடக்குது. வாழ்க்கையக் கெடுத்துக்காத."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள்தானே? நாளைக்கு மாற்றினால் குடியா முழுகிப் போகும்? நீலப் புடவை கண்ணுக்கு முன்னால் வந்தது. மைக்கில் ஃபாதர் என் பேரைப் படிப்பதும், அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பதும் வந்தது. அப்போது பலகையை நிமிர்ந்து பார்த்தேன். தினமும் நான் ஏறி மாட்டுகிற எண்! அதைக் காப்பாற்றத்தான் ஒரு மனிதர் நசுங்கிய விரலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு விடிய விடிய முனகியிருக்கிறார். எனக்குக் கை தட்டினார்களே, அதுவும் இதற்குத்தானா? அடச்சீ என்று ஆகிவிட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"ஏம்மா! ஏய்! எறங்கு!" என்று மேனேஜர் கத்தினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "மேடம், வேணாம் மேடம்! எங்க வூட்டு மிக்ஸிய தூக்கி கடல்ல போடறியே!" பின்னால் இன்னொரு குரல், "பிரியாணில மண்ணு!" நான் முதல் தகட்டைக் கழற்றினேன். இரண்டாவதைக் கழற்றினேன். மூன்றாவது கொக்கியில் சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். மூன்று கொக்கியிலும் பூஜ்யத்தை மாட்டினேன். இதயம் அடித்த அடியில் ஸ்டூலே ஆடுவது போல இருந்தது. பயமா சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, உடம்பு முழுக்க ஜிவ்வென்று இருந்தது!

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த டாக்ஸி கேட்டுக்குள் நுழைய வேண்டும்!

பம்பாயில் இருந்து வந்த ஆடிட்டர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா. இறங்கியதும் பலகையைப் பார்த்தார். ஸ்டூலின் மேல், கக்கத்தில் தகடுகளோடு நின்ற என்னைப் பார்த்தார். பக்கத்தில் டையைத் தளர்த்திக்கொண்டு நின்ற மேனேஜரையும் பார்த்தார். "இன்றைக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நேற்று நடந்தது, இன்றைக்குத்தான் தெரிந்தது என்றேன். யார் சொன்னார்கள் என்றார். யாரும் சொல்லவில்லை, ஒருவர் திருநீற்றை இடது கையில் வாங்கினார் என்றேன். அவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டு ஹெல்மெட் கேட்டார்.

நாங்கள் தயார் செய்து வைத்திருந்த படம், பேச்சு, டிஃபன் எதையும் அவர் தொடவில்லை. நேராக யார்டுக்குள் நடந்தார். கதவு திறக்கிற கோஷ்டியைக் கூப்பிடச் சொல்லி, ஏன் மறைத்தீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்தான் தலையைச் சொறிந்துகொண்டே, "மிக்ஸிக்காகத்தான் மேடம். அவன் எங்க தோஸ்து. நாங்கதான் சொல்லாதன்னோம். இப்போ படா பேஜாரா கீது" என்றார். நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தி, "தோஸ்த், பேஜார், எனக்குப் புரிந்துவிட்டது" என்றார். எல்லோரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பில்தான் கட்டு அவிழ்ந்தது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று அவர் கேட்கச் சொன்னார். ஒருவர் பேன்ட்டைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். "ஏணில இருந்து உயுந்தேன். வூட்ல பைக்ல உயுந்தேன்னு சொல்லிகினேன்." இன்னொருவர் சட்டையைத் தூக்கித் தோள்பட்டையைக் காட்டினார். செக்யூரிட்டி அண்ணன்கூட செருப்பைக் கழற்றிக் கால் கட்டைவிரலைக் காட்டினார், கேட் மேலே விழுந்ததாம்! என் கண்ணுக்கு எதிரே, என் பலகைக்குக் கீழே இத்தனையும் நடந்திருக்கிறது! அழுகையும் வந்தது, கூடவே ஒரு வெறியும் வந்தது. சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய் நின்றேன். ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி என் நாக்கு வறண்டுபோயிற்று.

நடுவில் கார் டிரைவர் போன் செய்தார். எலும்பு நொறுங்கியிருக்கிறதாம், விரலுக்கு ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வருகிறதாம். நாளைக்கு வந்திருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். நாளைக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் முடிவுக் கூட்டம். இந்த மிக்ஸி யோசனை யாருடையது என்று அந்த அம்மா கேட்டார். நான் பதில் சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் எழுந்து நின்றார். "என்னுடையது மேடம். ஆட்கள் கவனமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை" என்றார். அதற்கு முன் அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஆடிட்டர் எங்களைப் பாஸ் செய்யவில்லை. ஃபெயிலும் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். என் ஆர்டர் டிராயரிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை நிற்கவில்லை. அம்மாவிடம் எவ்வளவோ கெஞ்சினேன். "எய்தியாச்சு, எப்டிடி அழிக்கிறது? ஆண்டவர் மூணு மாசம் முன்னாடியே கேட்டுக்கட்டும்" என்றாள். வேலை நிரந்தரமானதற்காக என்று ஃபாதர் மைக்கில் முழங்க, நான் நீலப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து தெரு ஜனம் மொத்தமும் கை குலுக்கியது. அன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் வந்த மூன்று மாதம் இருக்கிறதே, அதுதான் நான் வேலை பார்த்த காலம்! மிக்ஸித் திட்டம் போயிற்று. சின்னக் கீறலாக இருந்தாலும் ஓடி வந்து சொன்னால் திட்டு இல்லை, மருந்தும் டீயும் என்று மேனேஜரே அறிவித்தார். பலகையில் எண் ஏறும், ஏறியதும் பொத்தென்று விழும். இரண்டு இலக்கத்தை எட்டுவதே பெரும்பாடு. ஆனால் எங்கே வழுக்குகிறது, எந்த ஏணி ஆடுகிறது, எந்தக் கதவு தள்ளுகிறது என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. கதவு சட்டென்று திறந்துகொள்ளாதபடி முதலில் பெல்ட் கட்டிவிட்டுத் திறக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். ஆடிட்டர் அம்மா திரும்ப வந்து பலகையில் ஒற்றை இலக்கத்தைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். அவர்களுடைய பெட்டிகள் எங்கள் யார்டுக்கு வந்தன. மேனேஜர் டிராயரைத் திறந்து ஆர்டரை நீட்டினார். "உன்னால எனக்கு பிபி மாத்திரை ரெண்டாச்சும்மா. வெச்சுக்க" என்றார். நான் அந்த அறையிலேயே குதித்தேன். கூச்சம் என்ன வேண்டிக்கிடக்கிறது!

பிரியாணியை மட்டும் யாரும் மறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே போட்டுவிடலாம் என்றார் மேனேஜர். அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் படியில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, "மேடம், ஃபர்ஸ்ட்டு நான்தான் சொல்றேன்!" என்று ஓடி வந்தார். நான் ஸ்டூலில் ஏறி மூன்று பூஜ்யங்களை மாட்டினேன். கீழே பிரியாணி தேக்சாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. விசில் பறந்தது, கை தட்டினார்கள்.

கதவு திறக்கிற அண்ணன் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். மிக்ஸி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தங்கச்சி திருப்பி குத்துட்சி மேடம். பெரிய ஜார மட்டும் தரமாட்டேன்னுது" என்று நொந்துகொண்டார்.

செக்யூரிட்டி அண்ணன் திருநீற்றுத் தட்டோடு வந்தார். வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்த அண்ணன் வலது கையை நீட்டினார். நடுவிரல் மடங்கவில்லை, கட்டை மாதிரி நேராக நின்றது. மற்ற விரல்களைக் குவித்துத் திருநீற்றை வாங்கினார். அதில் பாதி அந்த இடைவெளி வழியாகக் கீழே உதிர்ந்தது. மீதியை நெற்றியில் பூசிக்கொண்டு, வெளுத்துக் கிடந்த அந்தக் கையை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பாத்துக்க மேடம், ரைட்டு கை!"

எனக்குக் கண்ணீர் வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று இருந்தது.

"பாத்துட்டேண்ணா. போ, போய் க்ளவுஸ போடு!" என்று கத்தினேன்.